போகாத ஹாஜியாருக்கு

உயிருக்குயிரான வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு வந்து இந்த ஸலாமை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாத பிள்ளைகள்தானே கடிதம் எழுதுவார்கள்? நானும் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. சாகாமத்தில் நம் வயல் வெட்டி முடிந்தது. கடைசி வரைக்கும் மழை பயம் காட்டியது, ஆனாலும் நெல் நனையவில்லை. உங்கள் மோட்டார் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். குளக்கட்டில் ஏறும்போது உங்களிடம் பண்ணிய அதே முரண்டை என்னிடமும் பண்ணுகிறது.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் ஜனாஸா அடக்கத்தை நான் கெடுத்துவிட்டேன், வாப்பா.

"போகாத ஹாஜியார்" என்ற பெயர் உங்களுக்கு எப்படி வந்தது என்று கல்முனையிலும் தெரியும், என் மனைவியின் ஊரான மருதமுனையிலும் தெரியும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வருஷம் ஹஜ்ஜுக்கு எல்லாம் சரிவந்து, வீடு வீடாகப் பயணம் சொல்லப் போனீர்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஹஜ்ஜுக்குப் புறப்படுவது நம் வழக்கம். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்களோ, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் வருஷக்கணக்காக முகம் பாராதிருந்த மீராசாகிபு காக்காவின் வாசலுக்கும் போனீர்கள். நமக்கு மீன் கொண்டுவரும் கணபதி அண்ணன் வீட்டுக்கும் போனீர்கள். ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடும் கொடுத்தாயிற்று. கொழும்புக்கு வாகனம் வருகிற அன்று காலையில் உம்மா கிணற்றடியில் விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நீங்கள் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டு அவருடைய கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஊர் சும்மா விடுமா? விசா கிடைக்கவில்லையாம், ஏஜென்சிக்காரன் ஏமாற்றிவிட்டானாம், சாப்பாடு கொடுத்ததே பெயர் எடுக்கத்தானாம். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவரைத்தானே ஹாஜியார் என்பார்கள்? தேத்தண்ணிக் கடையில் யாரோ வைத்த அந்தப் பட்டம் ஒரே மாதத்தில் உங்களோடு ஒட்டிக்கொண்டது. உம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் அது போகவில்லை. அவர் மௌத்தாகிக் கண்மூடிய பிறகு, முழங்கால் கைவிட்டு நீங்கள் ஹஜ்ஜுக்குப் போகவே முடியாமல் ஆன பிறகும் அது போகவில்லை.

எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றி எரியும். என் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "போகாத ஹாஜியார் எண்டு செல்றது நீங்கதானா?" என்று சபையில் வைத்துக் கேட்டார். "ஓம், நான்தான். வாங்க, இதில இரிங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் நான் தலைகுனிந்திருந்தேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். கோபம், வாப்பா.

மறுநாள் கேட்டேன். "உம்மா விழுந்ததாலதான் போகல்ல எண்டு ஒரு சொல்லுச் செல்லப்படாதா?"

"ஹஜ்ஜுக்குப் போற எண்டு மனசில நிய்யத்து ஆருக்கு மகன் வெச்ச? அல்லாஹ்வுக்கு. அது எங்க நிண்டுபோச்சு, ஏன் நிண்டுபோச்சு எண்டு அவனுக்குத் தெரியும். பொறகு தேத்தண்ணிக் கடைக்கு நான் என்னத்துக்கு விளங்கப்படுத்துற?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு ரோஷம் இல்லை என்றே நினைத்தேன்.

நீங்கள் கண்மூடிய காலையில், மௌத்து அறிவித்தலை எழுதிக்கொண்டே பள்ளிவாசல் மோதினார் என்னிடம் கேட்டார். "ஆதம்பாவா எண்டு அவர்ர பேர மட்டும் சென்னா ஆருக்கும் விளங்காதே தம்பி. நம்மட மஹல்லாவுலயே அஞ்சு ஆதம்பாவா இரிக்காங்க. போகாத ஹாஜியார் எண்டு சேத்துச் செல்லட்டா?"

"வேணாம். மௌத்திலயும் வாப்பாவப் பகிடி பண்ண நான் உடமாட்டன்" என்றேன். ஒலிபெருக்கியில் வெறும் ஆதம்பாவா என்றே போனது, வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் போட்டேன். நடுப்பகல் லுஹர்த் தொழுகையோடு அடக்கிவிடவேண்டும் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். நான் காப்பாற்றப் பார்த்தது என் மானத்தை.

ஊர் என்ன செய்தது தெரியுமா? கடற்கரை வீதியில் மாதக்கணக்காக நோயில் படுத்திருக்கும் வேறோர் ஆதம்பாவா மாமாவின் வீட்டில் போய்க் கூடியது. அவர் சாய்ந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். அப்படியானால் போனது யார் என்று அவர்கள் விசாரித்து அறிவதற்குள், இங்கே உங்களுக்கு மண் போட்டாயிற்று. ஜனாஸாத் தொழுகையில் இரண்டு வரிசை, வாப்பா. இரண்டாவது வரிசையும் பாதிதான். அத்தனை வாசல் ஏறி மன்னிப்புக் கேட்ட மனுஷனுக்கு!

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மீராசாகிபு காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "போகாத ஹாஜியார் எண்டு ஒரு சொல்லுச் சென்னா நான் தவண்டாவது வந்திரிப்பனே மகன்! அவர்ர மையத்துக்கு ஒரு பிடி மண் போடக் குடுத்துவைக்கல்லையே." கணபதி அண்ணன் மீன்பெட்டியோடு சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். "ஹாஜியாருக்கு ஆதம்பாவா எண்டு ஒரு பேர் இருக்கிறதே எனக்குத் தெரியாது தம்பி" என்றார்.

அவர்கள் அந்தப் பெயரைச் சொன்னபோது ஒருவர் முகத்திலும் பகிடி இல்லை. அது எப்போது மாறியது? மாறியதைக் கவனிக்காதவன் நான் மட்டும்தானா?

ஆனால் ஒன்று இப்போது விளங்குகிறது. அது மாறவேண்டும் என்று நீங்கள் காத்திருக்கவே இல்லை. ஊர் கடைசிவரை பகிடி பண்ணியிருந்தாலும், விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து உம்மாவுக்கு அதே போல முகம் கழுவிவிட்டிருப்பீர்கள். கேட்டவனுக்கு அதே போல "ஓம், நான்தான்" என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் யார் என்பதை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தீர்கள். நானோ தொழுகையில் நிற்கும்போதும் பக்கத்தில் நிற்பவன் என்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று யோசித்தவன். ரோஷம் என்று நான் சொல்லிக்கொண்டது பயம்தான், வாப்பா. உங்களை மறைத்த அந்த ஒரு காலைப்பொழுதுக்காகக் கேட்கிறேன். என்னைப் பொறுத்துக்கொள்வீர்களா?

ஒரு வாக்குத் தருகிறேன். நாளை சுபஹு தொழுதுவிட்டு, நீங்கள் பயணம் சொல்லிப் போன அத்தனை வாசலுக்கும் நான் போகப்போகிறேன். எந்தப் பயணத்துக்காகவும் அல்ல. உங்களை வழியனுப்ப அவர்களை வரவிடாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க. சிலர் ஏசக்கூடும், சிலர் சிரிக்கவும் கூடும். இருக்கட்டும். மீராசாகிபு காக்காவின் வீடுதான் முதல் வீடு. உள்ளேயிருந்து "ஆரு?" என்று கேட்பார்கள். பதில் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
போகாத ஹாஜியாரின் மகன்