மேற்கு மூலை நந்தியாவட்டை

பத்து காவான்

அன்பு மகன் குகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், நீ அந்த டப்ளின் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா என் போனை நோண்டிப் பார்த்துவிடுவாள், அதனால்தான் இந்தக் காகிதம். புது வீட்டுக்கு நீ தேர்ந்தெடுத்துச் சொன்ன வாசனைச் செடிகள் எல்லாம் வைத்தாயிற்று. வாசலில் கெமுனிங் பூத்து வீடே மணக்கிறது, மல்லிகையும் பிடித்துக்கொண்டது. மேற்கு மூலைதான் அடம் பிடிக்கிறது. நர்சரி சீனி முகம்மது பாய் கொடுத்த நித்தியமல்லி நான்கே நாளில் கருகியது, அடுத்து வைத்த ரோஜாவும் போயிற்று, யாரும் வைக்காத நந்தியாவட்டை ஒன்று அங்கே தானாக முளைத்து இடுப்பளவு நிற்கிறது. இரண்டு முறை பிடுங்கினேன், இரண்டு முறையும் துளிர்த்துவிட்டது. மண் சரியில்லை, தீபாவளிக்கு வந்து நானே மூன்றடி தோண்டி மாற்றுகிறேன் என்று நீ சொன்னதை அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஆனால் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் செடியருகில்தான் நாற்காலி போட்டு உட்காருகிறாள். நேற்று, "என்னான்னு தெரியலங்க, இங்க உக்காந்தா மாருல பால் கட்டுன மாதிரி கனக்குது, இந்த வயசுல என்னா கூத்துலா இது" என்று சிரித்தாள். 

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன் ஐயா. உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து பதினோரு நாள் இருந்தான். அப்போது இந்த இடமெல்லாம் எஸ்டேட். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைக்கும்போது தாயைக் கூட்டிப் போவதும் இல்லை, நானும் என் அப்பாவும்தான் போனோம். ஒற்றை அங்சானா மரத்திலிருந்து நாற்பது காலடி தள்ளிப் புதைத்து, மேலே ஒரு நந்தியாவட்டைக் குச்சியை நட்டேன். எந்த இடம் என்று அம்மா கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மண்ணை நிரவி வீடு கட்டிய பிறகு எல்லாம் போயிற்று என்று நம்பித்தான் இங்கே வாங்கினேன். அந்த மரம் மட்டும் ரோட்டோரம் இன்னும் நிற்கிறது. இன்று காலை அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன், நாற்பதாவது காலடியில் அம்மாவின் நாற்காலி இடித்தது. பயமாகத்தான் இருக்கிறது குகன், பொய் சொல்ல மாட்டேன்.

நீ வா, மண்வெட்டியை மட்டும் தொடாதே. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் நானே சொல்கிறேன், தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுவரை அவளிடம் வாய் திறக்காதே. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. தண்ணீர்மலையான் உன்னை நூறு வயது வாழ வைக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் அப்பா,
பழனியப்பன்