கூட உட்கார்ந்தவர்கள்

பிலோமினாவின் நைனாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். அங்கே எப்படி என்று இந்த முறை நான் கேட்கப்போவதில்லை.

நீங்கள் பர்மாவிலிருந்து ‘எங்கள் கம்பெனி’ என்று எழுதும்போதெல்லாம் உங்கள் அம்மா, “இன்னாடி, அங்கேயும் மல்லாட்டைதான் உடைக்கிறானா?” என்பார். செஞ்சியில் நமக்குத் தெரிந்தது வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டைக் கம்பெனிதானே. அந்தக் காலத்தில் நம் கோட்டையைப் பிடித்ததுகூட வெள்ளைக்காரன் கம்பெனிதான் என்பார்கள். பட்டாளத்தில் ஒரு கூட்டத்துக்கும் அதே பேர் என்று நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

நேற்று இங்கிலீஷில் தந்தி வந்தது. வாசித்துச் சொல்ல, பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்தார்.

“தனியா போகலம்மா. கம்பெனி மொத்தமும் கூடவே இருந்திருக்குது” என்று என்னைத் தேற்றினார். கம்பெனி என்பது லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். சேர்ந்து உட்கார்ந்து அப்பம் சாப்பிடுகிறவர்கள் என்று அர்த்தமாம். அவர் தேற்றாமலே இருந்திருக்கலாம்.

கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களுக்குப் பரிமாறியிருக்கிறேன். நீங்கள் எழுந்தபிறகு, உங்கள் தட்டிலேயே, அடுப்படியில் சாப்பிட்டிருக்கிறேன். சேர்ந்து உட்கார்ந்தது ஒருநாளும் இல்லை. முன்பின் தெரியாத ஆம்பிளைகளோடு நீங்கள் தினமும் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு அவர்கள்மேல் ஆத்திரமாக வருகிறது. அவர்களும் உயிரோடு இல்லை என்பது தெரிந்துமே வருகிறது.

இன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும். உங்கள் தட்டில் போட்டுவைத்து, எதிரே இன்னொரு தட்டோடு நான் உட்கார்ந்தேன்.

“இன்னாடி பண்றே?” என்றார் உங்கள் அம்மா.

நான் களியைக் கீரையில் தொட்டுச் சாப்பிட்டேன். அவர் நின்று பார்த்தார். பிறகு தன் தட்டையும் எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உங்கள் களிதான் ஆறிப்போயிற்று.

இப்படிக்கு,
உங்களுக்குப் பரிமாறினவள்