நாய் குரைப்பதைப் படிப்பவள்

லேக் மார்க்கெட், கல்கத்தா
8-8-1999

அன்புள்ள உங்களுக்கு,

சென்னைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து ஒரே ஒரு கடிதம்தான் போட்டிருக்கிறீர்கள். அம்மா கைச் சமையலில் என்னை மறந்தாயிற்றா?

மிருகச் சத்தங்களைக் குறிக்கும் சொற்கள் பற்றிய என் ஆராய்ச்சியில் ஒன்று கண்டுபிடித்தேன். பூனை 'மேயோங்' என்றால், இந்தோனேசியர் அந்தச் சத்தத்தையே வினையாக்கி 'மெங்ஙேயோங்' என்கிறார்கள். 'பூனை மியாவியது' என்கிற மாதிரி! ஜப்பானியர் அப்படிச் செய்வதில்லை. 'ன்யா' என்ற சத்தத்துக்குப் பின்னால் ஒரு 'தோ' போட்டு, 'கத்தியது' என்கிறார்கள். அந்த 'தோ' நம் 'என்று'தான். உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் தங்கிப் படிக்கக் கேட்டிருந்தேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். மழையில் இங்கே போன் செத்துக் கிடப்பதால் நம் சென்னை நம்பரையும் கொடுத்திருக்கிறேன்.

பிரியமுடன்,
பிரியம்வதா

சென்னை
2-9-1999

அன்புள்ள பிரியம்வதா,

நலம். யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்தார். உனக்கு இடம் கொடுத்திருக்கிறார்களாம். குடும்பச் சூழ்நிலையால் நீ வர முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். கோபப்படாதே. "மாட்டுப்பொண் என்ன படிக்கறான்னு கேட்டா, நாய் குரைக்கறதைப் படிக்கறான்னு எப்படிடா சொல்றது?" என்கிறாள் அம்மா. வீட்டைக் காலி செய்துவிட்டு நவராத்திரிக்குள் வந்துவிடு.

உன்,
சௌந்தரராஜன்

கல்கத்தா
11-9-1999

அன்புள்ள உங்களுக்கு,

கோபப்படாதே என்கிறீர்கள். படுகிறேன்.

ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அந்தப் பேராசிரியரைக் கூப்பிட்டேன். "உங்கள் கணவர் சொன்னாரே..." என்று இழுத்தார். "நீங்கள் அழைத்தது என்னைத்தானே?" என்றேன். இடம் இன்னும் இருக்கிறது. அக்டோபரில் கிளம்புகிறேன். கீழ்வீட்டு மித்ரா பௌதியிடம், அதான் நம் வங்காள அண்ணியிடம், எல்லாம் சொன்னேன். "துமி ஜாவ்! நீ போ! வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீட்டுச் சாவியைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

அம்மா கூச்சப்பட வேண்டாம். மாட்டுப்பெண் நாய் குரைப்பதைத்தான் படிக்கிறாள். ஜப்பானில் 'வான் வான்', இந்தோனேசியாவில் 'குக் குக்'. கேட்பவர்களிடம் அப்படியே சொல்லட்டும்.

இனி என் சார்பில் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் செய்தது தவறு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பிரியம்வதா

யோக்யகர்த்தா
20-2-2000

அன்புள்ள சௌந்தரராஜனுக்கு,

இங்கு வந்து இரண்டு கடிதம் போட்டேன். அந்த ஒரு வரி வரவில்லை.

போன வாரம் கருத்தரங்கில் பேசினேன். "உங்கள் மொழியில் நாய் எப்படிக் குரைக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அரங்கம் நிறைய ஆட்கள். "லொள் லொள்!" என்று குரைத்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வெட்கமே வரவில்லை.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

உங்களுக்கு இனி எழுத மாட்டேன். கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது. வேலைதான் நிறைய இருக்கிறது.

பிரியம்வதா