மஸாத்லானில் வெள்ளைக்காரி வேலை

ஜனவரி 3

கடற்கரை ஓட்டல் தெருவில் இன்று இன்னொரு ஆங்கிலப் பள்ளி. அதே ஏசிக் குளிர், அதே சிரிப்பு, அதே பதில். "உங்க இங்கிலீஷ் பிரமாதம் மிஸ். திங்கட்கிழமை வாங்க."

இந்த ஊரில் ஒருவனுக்கும் 'இல்லை' என்று சொல்ல நாக்கு வளையாது. திங்கட்கிழமை வாங்க என்றால் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று பொருள். திரும்பி வந்த இந்தப் பத்து மாதத்தில் எனக்கு விளங்கிய ஒரே விஷயம் அது.

டைரக்டர் பெயர் ஏவோதியோ லிசாராகா. எப்போதோ சட்டம் படித்தாராம். அதனால் வாசலில் தேங்காய் விற்கிறவன் முதற்கொண்டு எல்லோரும் அவரை 'லிசென்சியாதோ' என்று பட்டம் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்கள் மட்டும். அதில் 'ஆசிரியர்கள்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் காணோம். பெரிய பள்ளிக்கூடம்!

அண்ணனை இங்கே விட்டுவிட்டு, மூன்று வயதில் என்னை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா எல்லை தாண்டினாள். கலிஃபோர்னியாவில், ஃபிரெஸ்னோவில் வளர்ந்தேன், அங்கே தேவாலயத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன், போன வருஷம் குடியுரிமைக் காகிதம் இல்லை என்று பிடித்து இங்கே அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கனவுகூட ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஆனால் முகம் இந்த ஊர் முகம். பெயரும் பிரிஹிதா. அப்புறம் எங்கே தாய்மொழி?

ஜனவரி 5

திங்கட்கிழமை. போனேன். வேண்டுமென்றேதான் போனேன். அவர் இல்லையாம். கணக்கு பார்க்கிற சொராய்தா நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே, "நாளைக்கு வாங்களேன்" என்றாள். 'திங்கட்கிழமை'க்குப் பதிலாக அவள் வாயிலிருந்து தெரியாமல் விழுந்த வார்த்தை. பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் தோமாசா அண்ணி. சந்தையில் தமால் கடை வைத்திருக்கிறாள். சோளமாவுக்குள் இறாலை மீசையோடு வைத்து, தோகையில் சுற்றி, அண்டா அண்டாவாக அவிக்கிறாள். அவள் தலைமுடிகூட இறால் வாடைதான்.

"பிப்ரவரி ரெண்டு, மெழுகுவர்த்தித் திருநாள். அதுவரைக்கும் உன் இங்கிலீஷைக் கட்டிக்கிட்டு அலை. அதுக்கப்புறம் பேசாம அண்டாகிட்ட வந்து உக்காரு, டீச்சரம்மா. உன் அண்ணன் வாயத் தொறக்க மாட்டாரு, அதான் நான் சொல்றேன்."

அண்ணன் பக்கத்திலேயே இருந்தான். சோளத் தோகையை எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த அண்டா முன்னால் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும், பிறகு எழுந்திருக்கவே மாட்டேன். எனக்குத் தெரியும்.

ஜனவரி 6

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் தினம். இதை ஒழுங்காக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

பள்ளியில் வரவேற்பு மேஜை நீளத்துக்கு வளைய ரொட்டி. மேலே பழத்துண்டு, சர்க்கரை. உள்ளே குழந்தை இயேசு என்று இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் பொம்மை வைத்திருப்பதாக லிசென்சியாதோ பெருமையாகச் சொன்னார். குழந்தை யார் துண்டில் வருகிறதோ அவர் அந்தக் குழந்தைக்கு ஞானத்தாய். பிப்ரவரி இரண்டு அன்று கூடியிருந்த எல்லோருக்கும் தமால் போட வேண்டும். அதனால் என்ன நடந்தது? மாதச் சம்பளம் வாங்குகிற மனிதர்கள் கத்தியை வாங்கி, ரொட்டியைக் குனிந்து முகர்ந்து பார்த்து, நகம் அளவுக்குச் சீவிக்கொண்டார்கள். தூ.

என்னையும் கூப்பிட்டார்கள். வாசலில் நிற்கிறவளைச் சாப்பிடாமல் அனுப்புவது இந்த ஊரில் பெரிய பாவம். வேலை கொடுக்காமல் அனுப்பலாம், அது பாவத்தில் சேராது.

சொராய்தா இரண்டாவது கடியில் நின்றுவிட்டாள். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது. "என்ன சொராய்தா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று லிசென்சியாதோ கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். ஒரு குழந்தை அங்கே போய்ச் சேர்ந்தது. சம்பாதிக்கிற பெண், இதைவிடக் கேவலமாக ஒருத்தி நடந்துகொள்ள முடியுமா?

இன்னொன்று ட்ரெவரின் பல்லில் பட்டது. ட்ரெவர்தான் அங்கே தாய்மொழி ஆசிரியர். கனடாவில் கூரை வேய்கிறவன். அங்கே பனி விழுந்தால் வேலை இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு இங்கே வந்து ஆசிரியர் ஆகிவிடுகிறான். பொம்மையைத் துப்பி, "ஐயோ, ரொட்டியில் பிளாஸ்டிக்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். லிசென்சியாதோ அவன் தோளைத் தட்டி, "நீங்க வெளிநாட்டுக்காரர், உங்களுக்கு இதெல்லாம் கிடையாது. யாராவது இதை வாங்கிக்குங்கப்பா" என்றார்.

அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

நான் கையை நீட்டினேன். "என்கிட்ட கொடுங்க."

"நீங்களா? நீங்க இன்னும்... அதாவது..."

"பிப்ரவரி ரெண்டு தமால் கொண்டுவரேன் லிசென்சியாதோ. ஞானத்தாயை வாசல்லயே நிறுத்திடுவீங்களா என்ன?"

அவர் சிரிப்பு அப்படியே உறைந்தது. பொம்மையை என் கையில் வைத்தார். வேறு வழி? சாமி காரியம்.

ஜனவரி 7

எச்சில் பொம்மை. இரண்டு முறை கழுவினேன்.

ஜனவரி 16

எத்தனை பேருக்குத் தமால் என்று கேட்கிற சாக்கில் போனேன். காரமா, காரமில்லாததா என்று கேட்க இன்னொரு நாள் போகலாம்.

ட்ரெவரின் வகுப்பைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டல் பரிமாறுகிறவர்கள், அறை கூட்டுகிற பெண்கள், பாதி பேர் சீருடையிலேயே வந்திருந்தார்கள். அவன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு அவர்களைப் பாட வைக்கிறான். விருந்தாளி 'சூப்பில் ஈ' என்றால் என்ன பதில் சொல்வது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மலை, ஆறு, காதல் என்று பாடுகிறார்கள். நன்றாகத்தான் பாடுகிறார்கள், அதுதான் எரிச்சல்.

ஜனவரி 31

அண்ணி தமால் செய்து தருகிறாளாம். "கடைசி செலவுன்னு நெனச்சு செய்யறேன். மூணாம் தேதி காலைல அண்டா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பிப்ரவரி 2

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

அண்டாவைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது அங்கே பெரிய ஓட்டல் ஒன்றின் மேலாளர் அம்மா உட்கார்ந்திருந்தாள். பணியாளர்களை இந்தப் பள்ளிக்கு அனுப்புவது அவள்தான்; வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறாள். மாணவர்கள் வந்துவிட்டார்கள். ட்ரெவர் வரவில்லை. ஆமைக்குஞ்சு பாதுகாக்கிற ஒரு பெண்ணோடு எங்கோ தெற்கே போய்விட்டானாம். செய்தி அனுப்பியிருக்கிறான், இரண்டு வரி.

லிசென்சியாதோ என்னை மூலைக்கு இழுத்துப் போனார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"மிஸ், ஒரு மணி நேரம். உள்ள போய் நில்லுங்க. ஆனா ஒண்ணு, நம்ம பாஷைல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"தமாலை யாரு பரிமாறுவா?"

"அதை சொராய்தா பாத்துக்குவா, நீங்க போங்க தாயே!"

பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, கூச்சமே இல்லாமல் சொன்னார்: "இவங்க மிஸ் ஆஷ்லி. கலிஃபோர்னியால இருந்து வந்திருக்காங்க."

அண்டா இன்னும் என் கையில்தான் இருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். "பரவாயில்லையே, நம்ம வழக்கமெல்லாம் கத்துக்கிட்டாங்களே!" என்றாள்.

நான் மறுக்கவில்லை. போய்ப் பாடம் நடத்தினேன். சூப்பில் ஈ, குழாயில் வெந்நீர் வரவில்லை, துண்டு எங்கே, பில் தவறு: கத்துகிற விருந்தாளியாக நானே நடித்தேன், அவர்கள் சமாளித்தார்கள். நிகாந்த்ரோ என்று மொட்டைத்தலை பரிமாறுகிறவன் ஒருவன், மன்னிப்புக் கேட்டே என்னை ஜெயித்துவிட்டான். அறை முழுக்கச் சிரிப்பு. முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. நான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன் என்பது எனக்கே மறந்து போயிருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. ஆஷ்லிக்கு.

பிப்ரவரி 3

அண்ணி அண்டா பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தாள். "வேலை கிடைச்சிடுச்சு அண்ணி" என்றேன். முக்காலியை எடுத்து உள்ளே வைத்தாள். இந்த ஒரு காட்சிக்காகவே ஆஷ்லியாக இருக்கலாம்.

பிப்ரவரி 10

லிசென்சியாதோவின் யோசனைப்படி தலைமுடிக்கு மஞ்சள் சாயம். கண்ணாடியில் பார்த்தேன். கோடையில் விட்டுப்போன வைக்கோல் மாதிரி இருக்கிறது. "இப்பதான் ஒரு லட்சணம்" என்கிறார். அந்த மனுசனுக்கு லட்சணத்தைப் பத்தி என்ன தெரியும்?

ஏப்ரல் 14

சந்தையில் நிகாந்த்ரோ. அண்ணி கடையில் நின்று நானே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அண்ணியோடு சண்டை வேறு, வாய் நிறைய நம் பாஷை. எதிரே வந்து நிற்கிறான்.

"மிஸ், உங்க கலிஃபோர்னியால இவ்ளோ நல்லா திட்டக் கத்துக்குடுக்கறாங்களா?"

வாயில் இருந்ததை விழுங்கினேன். யாரிடமும் சொல்லாதே என்றேன்.

"எல்லாருக்கும் தெரியுமே மிஸ். மொத வாரமே தெரியும். வெள்ளைக்காரிதான் வேணும்னு நாங்க எப்ப கேட்டோம்? அது உங்க லிசென்சியாதோவோட வியாதி." ஒரு தமாலைப் பிரித்து, இறால் மீசையைப் பிடித்து இழுத்துச் சாப்பிட்டான். "சாயத்தை மட்டும் மாத்துங்க. கண்ணு கூசுது."

அப்படியானால் யாருக்காக நான் இந்த வேஷம்?

சாயத்தை மாற்றவில்லை.

அக்டோபர் 9

புயல் மாதம். ஓட்டல்கள் காலி. மேலாளர் அம்மா ஒரு வகுப்பை வெட்டிவிட்டாள். இனி ஓர் ஆசிரியருக்குத்தான் இடம். அந்த ஒரு ஆள் நான். இப்போதைக்கு.

டிசம்பர் 4

ஒருவன் வேலை கேட்டு வந்தான். யோவானி ஓசுனா. குலியாகானில் பிறந்தவன், சிகாகோவில் வளர்ந்தவன், ஆகஸ்டில் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. ஆங்கிலம் என்னுடையதைவிடச் சுத்தம். வெளுத்த தோல், பச்சைக் கண். அவனுக்குச் சாயமே வேண்டாம், அப்படியே கொண்டுபோய்க் கதவில் ஒட்டலாம்.

லிசென்சியாதோ உள்ளேதான் இருந்தார். நான் சிரித்துக்கொண்டு சொன்னேன், ஆங்கிலத்தில், அழகாக: அவர் வெளியே போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள்.

டிசம்பர் 14

வந்தான். போன திங்களும் வந்தான். இவனுக்கு இந்த ஊர் பாஷை இன்னும் புரியவில்லை. முட்டாள்.

டிசம்பர் 21

மறுபடியும். அதே சட்டை. முட்டாள் இல்லை. நான் ஜனவரியில் செய்ததைத்தான் செய்கிறான்.

ஜனவரி 6

இந்த வருஷம் சின்ன ரொட்டி. "ஒரே பொம்மைதான் வைக்கச் சொன்னேன்" என்று லிசென்சியாதோ அறிவித்தார், ஏதோ நாட்டுக்கே சிக்கனம் செய்துவிட்டதுபோல. மேலாளர் அம்மாவும் வந்திருந்தாள்.

கதவு திறந்தது. யோவானி. புதன்கிழமையில் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லிசென்சியாதோ அவனை முதல் முறையாகப் பார்த்தார். அந்தக் கண்ணை, அந்த நிறத்தை. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "வாங்க தம்பி, வாங்க, ஒரு துண்டு சாப்பிடுங்க."

கத்தி முதலில் என்னிடம் வந்தது. வெட்டினேன், கடித்தேன், பல்லில் கடுக்கென்று பட்டது.

துப்பியிருக்க வேண்டும். துப்பியிருந்தால் என்ன ஆகும்? 'மிஸ் ஆஷ்லி வெளிநாட்டுக்காரங்க, அவங்களுக்கு இதெல்லாம் கிடையாது, யாராவது வாங்கிக்குங்கப்பா.' எல்லோரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். ஒருவன் மட்டும் கையை நீட்டுவான். இப்போதே அவன் கை பாதி நீண்டுதான் இருந்தது, தட்டுக்காகவா வேறெதற்காகவா தெரியவில்லை. பிப்ரவரி இரண்டு வரை அவன் வாசலில் நிற்பான், யாரும் விரட்ட முடியாது. அதற்கப்புறம் அந்த ஓர் இடம் யாருக்கு?

நாக்கால் தள்ளிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

ரொட்டி தீர்ந்தது. பொம்மை வரவில்லை. பேக்கரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று லிசென்சியாதோ வைதார். சொராய்தா என் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு தன் நகத்தைப் பார்த்தாள். அவளிடம் எனக்கு மரியாதை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

யோவானி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான், கலிஃபோர்னியாவில் எந்த ஊர் என்று. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

"என்ன மிஸ் ஆஷ்லி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று லிசென்சியாதோ சிரித்தார். மேலாளர் அம்மாவும் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. என் கன்னத்தையே பார்த்தான். பக்கத்தில் வந்து, தட்டை என்னிடமிருந்து வாங்குகிற மாதிரி குனிந்து, நம் பாஷையில், மெதுவாகச் சொன்னான்:

"முழுங்கிடாதீங்க அக்கா. தொண்டைல சிக்கிக்கும்."

நான் தலையாட்டினேன். மிஸ் ஆஷ்லிக்குப் புரியக் கூடாத வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டேன்.

லிசென்சியாதோ அவன் தோளில் கைபோட்டு வாசல்வரை போய் வழியனுப்பினார். திங்கட்கிழமை வரச் சொன்னார். இந்த முறை நிஜமாகவே சொன்னாரா, வழக்கம்போலவா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொம்மை இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. முதுகில் என் பல் பதிந்திருக்கிறது. திங்கட்கிழமை அவன் வரும்போது கதவைத் திறக்க வேண்டியவள் நான்தான்.