31-ஆம் குழாயில் பச்சை நூல்

ஜூலை 3, வியாழன்

மழை. 31-ஆம் சோதனைக் குழாயின் லேபிளுக்கு அடியில் பச்சை நூலின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். வரவில்லை. இரட்டை முடிச்சு. அப்பா போடும் முடிச்சு.

தரை துடைத்தாச்சு. ஓடுகள் கழுவியாச்சு. ஓடு என்றால் குழி குழியான வெள்ளைப் பீங்கான். செம்பூரில் இந்த லேபுக்கு வந்து எட்டு மாதம், இதுவரை கழுவும் வேலை மட்டும்தான். இன்று டாக்டரம்மா கூப்பிட்டார். மாட்டு டாக்டர். மாட்டுங்காவிலிருந்து வருகிறவர்.

மாடு, எருமைகளுக்குக் கன்று வீச்சு நோய், அதாவது சினை குறைமாதத்தில் கலையும் நோய், இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, ஓட்டில் ரத்தத் தெளிவு ஒரு சொட்டு, ரோஸ் மருந்து ஒரு சொட்டு, கலந்து ஆட்டுவது. நோய் இருந்தால் பால் திரிவது போலத் திரியும். இல்லையென்றால் அப்படியே ரோஸ். இன்னொன்று மெஷின். ஓட்டைவிட மெஷினைத்தான் அதிகம் நம்பலாமாம். ஓடு எத்தனை தடவை சரியாகச் சொல்கிறது, எத்தனை தடவை ஏமாற்றுகிறது, இதுதான் டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

ஓட்டைப் பார்க்க இரண்டு பேர். ஒருவர் டெக்னீஷியன் பீர் அண்ணன். இன்னொருவர் நான்.

"நான் ஒம்பதாவதோட நின்னுட்டேன் மேடம்."

"அதனாலென்ன? எந்த மாடு, எந்தத் தபேலாக் கொட்டில், ஒனக்கு ஒண்ணும் தெரியாதோல்லியோ? அந்தத் தெரியாத கண்ணுதான் நேக்கு வேணும். கண்ணு என்ன சொல்றதோ அதை எழுது."

எந்த எண் எந்த மாடு என்ற பட்டியல் ஒட்டிய கவரில், பீரோவுக்குள். அவரே பார்ப்பதில்லை. எல்லாம் முடிந்து அடுத்த மாதம்தான் பிரிப்பார்.

மறக்கக் கூடாதவை:
– மருந்து ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே
– நாலு நிமிடம். ஐந்தாவதில் தெரிந்தது செல்லாது
– அண்ணன் தாளை நான் பார்க்கக் கூடாது, என் தாளை அவர்
– தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி

நூலைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கஞ்சி. மறுபடி காய்ச்சல். அம்மா ஊரில், சித்தி பிரசவத்துக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மழை. சயானில் பஸ் நகரவே இல்லை.

நூல் ராசாத்தியுடையது. அப்பா பால் கறக்கும் தபேலாவில் முதல் வரிசை எருமை. சினை என்று தெரிந்ததும் மாஹிம் தர்காவில் ஓதி வாங்கிய பச்சைக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டினார். எட்டாம் மாதம் கன்று வீசிவிட்டது. அன்றே கயிற்றை அறுத்தார். ரத்தம் எடுத்த நாளில், ஐஸில் நனைந்து காகிதம் கழன்றுவிடுமோ என்று, அடையாளத்துக்கு அந்தக் கயிற்றின் ஒரு இழையைக் குழாயில் கட்டியிருக்கிறார். இங்கே அதன் மேலேயே 31 ஒட்டிவிட்டார்கள்.

25 முதல் 36 வரை இன்று. 31 மூன்றாவது நிமிடத்தில் ஓரத்தில் மணல் மாதிரித் திரிந்தது. நாலாவதில் நடுவிலும்.

நோய் என்றால் தபேலா முதலாளி சேட் எருமையைக் கசாப்புக்குத் தள்ளிவிடுவார். அப்பா சொல்லியிருக்கிறார்.

'இல்லை' என்று எழுதினேன். அடுத்தது 32.

மாலையில் டாக்டரம்மா இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்தார். "ஒரே ஒரு எடத்துல ரெண்டு பேரும் வேற வேற."

பீர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத்தான் தப்பு மேடம். பொண்ணு பாக்கப் போனப்பவே இந்தக் கண்ணு என்னைய ஏமாத்திட்டு. கண்ணாடி மாத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 5, சனி

தூறல். கையுறை போடாமல் குழாய் அலசினேன். பீர் அண்ணன் பிடித்துவிட்டார்.

"ஏ தங்கச்சி, கிளவுஸ் எங்க? இது மாட்டுக்கு மட்டும் வார சீக்குன்னு நெனச்சியா? கன்னு வீசுனதுல வெறுங்கை வச்சா மனுசனுக்கும் வரும்."

"என்ன செய்யும்?"

"எங்க மச்சான் ஒருத்தர் மூணு மாசம் கெடந்தாரு. சாயங்காலமானா காய்ச்சல். தொப்பலா வேர்வை. இடுப்பு ஒடியுத வலி. மலேரியா மலேரியான்னே மாத்திரை குடுத்தானுவ. இதுக்குன்னு ரத்தம் பாத்த பொறவுதான் தெரிஞ்சுது. மருந்து ஒழுங்கா தின்னாரு, எந்திரிச்சிட்டாரு. இப்ப நம்ம தலையில ஏறி ஒக்காருதாரு."

கையுறை போட்டுக்கொண்டேன். மீதிக் குழாய்களையும் அலசினேன்.

அப்பா:
காய்ச்சல், மூன்று வாரம், சாயங்காலம்.
வேர்வை. தலையணை உறை தினமும் காயப்போடுகிறேன்.
இடுப்பு. தைலம் தீர்ந்துவிட்டது.
ராசாத்தியின் கன்றை வெளியே இழுத்தது அப்பா. வெறுங்கை.

வீட்டில் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போவமாப்பா?"

"எதுக்குட்டி? மழைக்காய்ச்சல். தாராவியில காய்ச்சல் இல்லாத வீடு எது, சொல்லு பாப்போம்."

"ராசாத்திக்கு ஏதாவது சீக்கு..."

"அதுக்கு ஒண்ணுமில்லட்டி. ஒங்க மேடம்தானே ரத்தம் எடுத்துட்டுப் போனாவ. இருந்தா சொல்லியிருக்க மாட்டாவளா? சொல்லலல்லா. பொறவென்ன?"

அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

துணி சோப்பு வாங்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். போர்வை இரண்டு, உறை மூன்று துவைத்தேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

அப்பா கறவைக்குப் போய்விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். போகாதீர்கள் என்றேன். "கறக்கலன்னா மடி கட்டிக்கிடும்ட்டி" என்றார்.

டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதைக் குழாயடியில் நின்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு வரிதான். இரண்டாவது வரி வாயில் நிற்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

மழை. லேபில் முதல் வேலையாக, "மேடம், என் தாள் வேணும்."

கொடுத்தார். 31-க்கு நேரே 'இல்லை'யின் மேல் ஒரே கோடு. பக்கத்தில் 'உண்டு'. இசக்கி. தேதி.

"என்னடி இது? மூணு நாள் கழிச்சுக் கண்ணுக்குப் புதுசா என்ன தெரிஞ்சுது?"

"அன்னைக்கே தெரிஞ்சுது மேடம்." ஸ்டாண்டிலிருந்து குழாயை எடுத்து நூலைக் காட்டினேன். "எங்கப்பா கட்டுனது. எருமையும் எனக்குத் தெரியும்."

குழாயை வாங்கி முடிச்சைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம்?"

"பாத்ததைத்தான் எழுதினேன்."

"பாவம், பீர் கண்ணாடிக்கடைக்குக் கெளம்பிண்டிருக்கான்." அவர் சிரிக்கவில்லை. "31 கணக்குல வராது. இனிமே நீ ஓடு பாக்கறதும் கஷ்டம். சரி, ஏன் இப்போ சொல்றே?"

"அப்பாவுக்குச் சாயங்காலமானா காய்ச்சல் மேடம்."

அவரே கேட்டார்.

"கன்னை யார் இழுத்தா?"

"அப்பா."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினார். "மெஷின் சொல்லாம எருமையைப் பத்தி நான் பேச முடியாது. ஒங்கப்பா அதுவரைக்கும் காத்துண்டிருக்கப்படாது. இன்னிக்கே கூட்டிண்டு போ. கன்னு வீசின எருமையை வெறுங்கையால தொட்டவர், இதுக்குன்னு ரத்தம் பாக்கணும்னு சொல்லு. அவர் சொல்ல மாட்டார். நீதான் சொல்லணும்."

நூலை வெட்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார். ஓடு கழுவும் வேலை இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மதியம் வீடு. அப்பா படுத்திருந்தார். டீ கிளாசுக்குப் பக்கத்தில் சீட்டையும் பையையும் வைத்தேன். பையைத்தான் முதலில் எடுத்தார்.

"ராசாத்தி கயிறுல்லா இது?"

"ம்."

"சீக்குதானா அதுக்கு?"

"ஓட்டுல திரிஞ்சிருந்துதுப்பா."

"யாரு பாத்தா?"

"நான்."

பையைத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "நாளைக்குப் பாப்போம்ட்டி."

அவருடைய செருப்பை எடுத்து வந்து, பாயருகே, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.