இளஞ்சிவப்புத் தூசு

ஜூன் 4
அப்பாவின் செருப்புக்குள் ரப்பர் தவளை வைத்தேன். காலை விட்டார், எடுத்தார், தவளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். போன வருஷமென்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்திருப்பார். கல் அறுக்கிறவரே கல்லுளிமங்கன் ஆகிவிட்டார். என்மேல் கோபமோ?

ஜூன் 7
பட்டறையிலிருந்து இளஞ்சிவப்புக் கல் துண்டு ஒன்றைச் சுட்டு வந்து, சூடான வினிகரில் போட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. கல் சோடா!

"மாங்கனீசு கார்பனேட்டுடி. உள்ள இருக்கற வாயு வெளிய வருது," என்றாள் அக்கா. கல்லூரியில் வேதியியல் படிக்கிற திமிர். பூமிக்கடியில் வெந்நீர் மாங்கனீசைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்பில் ஏறுமாம். ஆற ஆற, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் படியுமாம். அதனால்தான் அந்த ரோஜா நிறத்தில் வெள்ளைக் கோடுகள்.

"ஒரு கோடு போட எத்தன ஆயிரம் வருஷமோ. உன்ன மாதிரி சோம்பேறி," என்றேன். அக்கா அடிக்க வந்தாள். பக்கத்திலிருந்த அப்பா முகத்தில் சிரிப்பே இல்லை.

ஜூன் 15
அப்பா கையில் டம்ளர் ஆடுகிறது.

ஜூன் 16
நானும் அக்காவும் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, முகமூடிகூட இல்லாமல் அறுத்துக்கொண்டிருந்தார். இமை, மூக்கு எல்லாம் ரோஸ் பவுடர்.

"என்னப்பா, மேக்கப்பா?"

"தண்ணி விட்டா சேறாகி கோட்ட மறைக்குதும்மா. கத்தி பட்டாலே கீறுற மெத்துக்கல்லு, இதுக்கெதுக்குத் தண்ணி?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20
அக்கா பிடிவாதமாக அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், நானும் போனேன். டாக்டர் சொன்னார்: "வருஷக்கணக்கா அந்தத் தூசு உள்ள போயிருக்கு. மாங்கனீசு மூளையத் தொட்டுடுச்சு. சிரிப்பு மனசுல வரும், முகத்துக்கு வராது."

கோபமே இல்லையாம். நான்தான் — ச்சே, கல்லுளிமங்கன்னு எழுதினேனே. "சரியாயிடுமா?" என்று டாக்டரைக் கேட்டேன். "மொதல்ல தூச நிறுத்துங்க. மிச்சம் போகப்போகத்தான் தெரியும்."

ஜூன் 21
"வேற என்ன வேல தெரியும் எனக்கு?" — அப்பா. யாரும் சாப்பிடவில்லை.

ஜூன் 23
பட்டறை இயந்திரத்திலிருந்து கல் அறுக்கிற வட்டத் தகட்டைக் கழற்றி வந்து என் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன். பட்டறை முதலாளி வீட்டுக்கே வந்து கத்தினார். அக்கா மருத்துவச் சீட்டை நீட்டினாள். படித்தார். அப்புறம் கத்தவில்லை.

ஜூலை 2
இனி தண்ணீர் விட்டுத்தான் அறுப்பு, எல்லோருக்கும் முகமூடி. அப்பாவுக்கு முன்னறையில் கல் தரம் பிரிக்கிற வேலை. கை இன்னும் ஆடுகிறது. முகம் அப்படியேதான்.

ஜூலை 19
பள்ளிக்குக் கிளம்ப ஷூவுக்குள் காலை விட்டேன். மெத்தென்று ஏதோ! அலறிவிட்டேன்.

தவளை.

நிமிர்ந்தால், கதவோரம் அப்பா. முகம் கல் மாதிரி. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.