அரைக் கட்டை மேலே

என் கிடார்க்கார அண்ணாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன், முதலில் இதைக் கேட்டுக்கொள். நீ போன முதல் வருஷ நினைவுக்கு மர்பி டவுன் சமுதாயக் கூடத்தில் உன் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசித்தோம். இங்கிலாந்தில் யாரோ நாலு பேர் போட்டதுதான். ஆனால் நம் தெருவில் அதற்கு இன்றைக்கும் 'மோகன் ஆல்பம்' என்றுதான் பேர்.

நடக்காமலே போயிருக்கும், தெரியுமா? வாசிக்கவும் பாடவும் நீ ஒருத்தனே இருந்தாய். உன் இடத்துக்கு டிரம்ஸ் குமார் அண்ணன் ஆகாஷைக் கூட்டிவந்தார். ஐடி கம்பெனியில் வேலை, முப்பது வயது, விரல் நன்றாக ஓடுகிறது. ரிகர்சலில் உன் பழைய கேசட்டைப் போட்டோம். பாதிப் பாட்டிலேயே நெற்றியைச் சுருக்கினான். எல்லாப் பாட்டின் சுருதியும் அரைக் கட்டை மேலே இருக்கிறதாம். போனில் ஒரிஜினலைப் போட்டுக் காட்டினான். உண்மைதான் அண்ணா. உனக்குக் கேசட் பதிந்து கொடுத்தவன் ஒரிஜினலை ஓடவிட்ட மெஷின் வேகமாக ஓடியிருக்கிறது. அது தெரியாமல் நீ தந்தியை முறுக்கி முறுக்கி அதோடு சேர்த்திருக்கிறாய். தந்தி ஏன் அப்படி அறுந்துகொண்டே இருந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆகாஷ் மரியாதையாகத்தான் சொன்னான். "ஒரிஜினல் பிட்ச்லயே வாசிச்சிடலாம் ஆன்ட்டி. பாடவும் ஈஸி."

எனக்கு வந்ததே கோபம். பொம்மசந்திரா ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடித்து, கிரீஸ் போகாத விரலோடு வந்து இத்தனை வருஷம் நீ வாசித்தது தப்பா?

"எங்க அண்ணன் எப்டி வாசிச்சாரோ அப்டியே வாசி தம்பி. இல்லாட்டி வேணாம்" என்றேன்.

சரி, அந்த உயரத்தில் யார் பாடுவது என்று கேட்டான். அவன் குரல் எட்டவில்லை. குமார் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீதாம்மா பாடணும். மோகன் வாசிக்கறப்போ சமையல்கட்டுலருந்து நீ பாடுனத கேக்காத ஆளு இந்தத் தெருவுல யாரு?"

இந்த வயதில் மேடை ஏறினேன். முதல் பாட்டில் டிரம்ஸ் இல்லாமல் கிடார் மட்டும் தனியாக நடந்து வருமே, அங்கே மைக் ஸ்டாண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிடாரும் டிரம்ஸும் குழாயடிச் சண்டை போடுகிற இடத்தில் பிடித்திருந்ததே மறந்துபோனது. என்ன ஆல்பம் அண்ணா அது! ஒரு நோட்டைக்கூட வேண்டாம் என்று தள்ள முடியாது. முதல் பாட்டில் அடம்பிடிக்கிற கிடார் கடைசிப் பாட்டில்தான் சமாதானத்துக்கு வருகிறது.

அந்தக் கடைசிப் பாட்டின் உச்சியில் உனக்கே குரல் பிசிறும். எனக்குப் பிசிறவில்லை. நீ இதைக் கேட்க இல்லையே என்று அங்கேதான் அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் பாடினேன், நிறுத்தவில்லை. வாசல்வரை நின்ற கூட்டத்தில் யாரோ "இன்னொந்து சல" என்று கன்னடத்தில் குரல் கொடுக்க, கூடமே சேர்ந்துகொண்டது. அதையே இன்னொரு தடவை பாடினோம்.

கிடாரைப் பையில் வைக்கும்போது ஆகாஷ் சொன்னான்: "இனிமே ஒரிஜினல் கேட்டா எனக்கு தூக்கம்தான் வரும் ஆன்ட்டி."

ஜோகுபாளையத்தில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். தொண்டையில் குரல் இருக்கிறவரை அந்த அரைக் கட்டையை யாருக்காகவும் இறக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள், இப்போது உன் மைக்கில் பாடுகிறவள்,
தங்கச்சி செல்வி